இரண்டு ரூபாய் விவகாரம்

கடலூர்
20.4.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எதிர்வீட்டு அண்ணன் குவைத் கிளம்புகிறார். மாவடுவோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் மாமா தன் குட்டியானை வண்டியின் டீசல் கணக்கைப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"கச்சா எண்ணெய் இவ்வளவு விழுந்துடுச்சே, ஊர்ல பெட்ரோல் குறைஞ்சிருக்குமேக்கா?" என்றாய். இல்லையடா. ஜனவரியில் பீப்பாய் 80 டாலர் பக்கம் நின்றது, இந்த மாதம் 65-க்கும் கீழே போனது. குறையும் என்று மாமாகூட நம்பினார். 7-ஆம் தேதி செய்தி வந்தது: பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றம். ஆனால் பங்க்கில் விலை மாறாதாம், அதை ஏதோ சலுகை மாதிரி சொன்னார்கள். மாறவில்லைதான். நம் கைக்கு வரவேண்டிய குறைப்பு டெல்லியோடு நின்றுவிட்டது. அன்றைக்கே சிலிண்டருக்கும் 50 ரூபாய் கூட்டினார்கள்.

இது புதுசும் இல்லை. 2020 மே மாதம், ஊரடங்கில் உலகம் முழுக்க எண்ணெய் வாங்க ஆளில்லாமல் கிடந்தபோது, ஒரே ராத்திரியில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றினார்கள். பிறகு எண்ணெய் ஏறியது. அந்த ஏற்றம் மட்டும் நேராக நம் தலையில் விழுந்தது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. அப்புறம் இரண்டு தவணையாகக் கலால் வரியைக் குறைத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உலகச் சந்தையைக் காட்டி ஏற்றுகிறவர்கள், அதே சந்தை இறங்கும்போது ஏன் வாயைத் திறப்பதில்லை?

இன்றைக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய வரி 21 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களுக்குப் பங்கு தரவேண்டிய அடிப்படை வரி 1.40 மட்டும்தான். மிச்சமெல்லாம் கூடுதல் வரி, சாலை செஸ், விவசாய செஸ் என்ற பெயர்களில் அங்கேயே தங்கிவிடுகிறது. மாநிலத்தைக் கேட்டால் இதைத்தான் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் இவர்களுடைய வாட்? 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11.52 ரூபாய். அந்தச் சதவீதத்தையும் டெல்லி வரியைச் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், வரிக்கு மேல் வரி. 2021 தேர்தலில் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4 குறைப்போம் என்றார்கள். ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 குறைந்தது. டீசலைப் பற்றி மாமாவிடம் கேட்டுவிடாதே.

பங்க்கில் நாம் யாரும் லிட்டர் சொல்லிக் கேட்பதில்லை, கவனித்திருக்கிறாயா? "இருநூறுக்குப் போடுங்க" என்கிறோம், "ஜீரோ பாத்துக்குங்க" என்கிறார்கள். கொடுக்கிற பணம் மாறாததால் விலை ஏறுவது அங்கே உறைப்பதில்லை. வாரம் முழுக்க ஓடிய ஸ்கூட்டி வியாழக்கிழமையே சிவப்பு முள்ளைக் காட்டும்போதுதான் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலெல்லாம் பெட்ரோல் போடுகிற பிள்ளைகள் மேல்தான் விழுகிறது. நேற்று ஒரு பெரியவர், அளவு குறைகிறது என்று பெட்ரோல் போட்ட பெண்ணைப் பிடித்துத் திட்டித் தீர்த்துவிட்டார்.

மாமாவுக்குப் பலா சீசன். பண்ருட்டியிலிருந்து பாண்டிக்கு லோடு கிடைத்தால் திரும்பும்போது பாண்டி எல்லையில் முள்ளோடையில் டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் நம் ஆல்பேட்டைக்குள் நுழைகிறார். அங்கே வாட் குறைவு. கடலூர் வண்டிகள் பாதி அங்கேதான் நிற்கின்றன என்று தோன்றும். வாடகையை ஏற்றலாம் என்றால் மண்டிக்காரர் அடுத்த குட்டியானையைக் கூப்பிடுகிறார்.

உன் ஊரில் லிட்டர் 85 ஃபில்ஸ் என்றாய். நம் காசுக்கு 25 ரூபாய்கூட வராது. எண்ணெய் தோண்டுகிற நாட்டோடு, வாங்கி எரிக்கிற நாம் போட்டி போட முடியாது, அது எனக்கும் தெரியும். வரியே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன், ரேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் எங்கிருந்தாவது வரவேண்டும். ஆனால் இந்த வருஷ பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று ஊரே கொண்டாடியதே, மாமாவுக்கு அந்த வரி என்றைக்கு இருந்தது? அவர் கட்டுவதெல்லாம் டீசலில்தான். கார்க்காரருக்கும் அவருக்கும் அங்கே ஒரே வரி.

லீவில் வந்ததும் கார் வாங்கலாம் என்றாயே, இப்போதைக்கு அது வேண்டாமடா. மாமா ஒரு சிஎன்ஜி வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கேஸ் பங்க்கில் வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடுமோ என்று ஒரு யோசனை, உன்னிடம் பணம் கேட்கக் கூச்சம் வேறு. நீயே பேச்சை எடு. நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
அக்கா