அமிர்தி அருவிக்கு ஒரு நடை

வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்திக் காடு. வனத்துறைப் பூங்காவைத் தாண்டினால் நடைதான்; அங்கேயே அனுமதி கேட்டுவிட்டு ஏறுங்கள். கோடையில் போனால் வெறும் பாறையைத்தான் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போவது நல்லது.

குற்றாலத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், சின்ன அருவிதான். ஆனால், மழை விட்டுப் பத்து நாளாகியும் தண்ணீர் கலங்காமல் விழுந்துகொண்டிருந்தது. சருகை விலக்கி ஒரு பிடி மண் எடுத்தேன். பிழிந்தால் சொட்டும் போல ஈரம். நம் கொல்லையில் பெய்யும் மழையோ அன்றைக்கே மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது!

இந்தத் தண்ணீர் நாகநதிக்குப் போகிறது. அந்த ஆறு வறண்டு கிடந்தபோது, கணியம்பாடி வட்டாரத்தில் நூறு நாள் வேலைப் பெண்கள் ஓடைகளில் தடுப்பணையும் உறிஞ்சு கிணறும் அமைத்தார்கள். காட்டுச் சருகு செய்யும் வேலைதான் அது.

மேற்கே ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிணற்றில் தண்ணீர் இருந்தும் பல இடங்களில் உப்பு. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வேலை நாளில் அமிர்திக்கு வருகிறவர்கள், உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் கொண்டுவந்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டு மலைக்குப் போங்கள்.