ஓடு படிக்கும் பிள்ளைகள்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் முக்கியமான காட்சிப்பொருள் வீடுகள்தான். தென் மாநிலங்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளைத் தூண், உத்திரம், கதவு என்று பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. செட்டிநாட்டு வீட்டிலும் அக்கிரகாரத்திலும் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் குயவர் பகுதியைச் சட்டென்று கடந்துவிடுவார்கள். நான் போன அன்று அங்கேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளின் சிறு கூட்டம்.

போகாத என்றால் படிக்காத என்று பொருளில்லை. வீட்டிலேயே பெற்றோர் பாடம் சொல்லித்தரும் பிள்ளைகள் அவர்கள். பெரியவர்களானதும் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவார்கள். கணக்கும் மொழியும் வீட்டுக் கூடத்தில் எப்படியோ நடந்துவிடுகின்றன, வரலாறுதான் நகர மாட்டேன் என்கிறது என்றார் ஒரு தாய். அதனால் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளைக் குயவரிடம் அழைத்து வந்திருந்தன.

அறுபதை நெருங்கும் அந்தக் குயவர் அதிகம் பேசவில்லை. மிதித்துப் பதமாக்கிய மண்ணைச் சக்கரத்தில் அப்பி, முதலில் பிள்ளைகளின் கையைப் பிடித்து வைத்தார். "தண்ணி ரொம்பத் தொடாத கண்ணு, பானை உக்காந்துடும்" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பானைகள் உட்கார்ந்துவிட்டன. பிறகு தானே ஒன்றை எழுப்பி நூலால் அறுத்து எடுத்தார். அதற்கு அடிப்பாகமே இல்லை. ஏமாந்துபோன பிள்ளைகளுக்கு, முன்னரே அரைகுறையாகக் காயவைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே உருண்டைக் கல்லை ஒரு கையால் தாங்கி, வெளியே மறுகையால் மரப்பலகை கொண்டு தட்டினார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து கீழ்நோக்கி நீண்டது. திறந்திருந்த அடி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

இதற்குப் பிறகுதான் வரலாறு தொடங்கியது. உடைந்த பானை ஓடுகளை ஒரு சாக்கில் இருந்து கொட்டினார்கள். எல்லாம் அந்தக் குயவரின் சூளையில் வீணானவை. எந்த ஓடு பானையின் எந்த இடம் என்று சொல்ல வேண்டும். காலையில் தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விடை கையிலேயே இருந்தது. கழுத்துப்பகுதி ஓட்டின் உட்புறத்தில் சக்கரம் சுற்றிய வரிகள் அப்படியே இருக்கின்றன. வயிற்றுப்பகுதியில் அந்த வரிகள் அழிந்து, கல் அழுந்திய மெல்லிய குழிகள் தட்டுப்படுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே ஒரு சிறுமி சரியாகச் சொன்னாள்.

அடுத்து, தரையில் சுண்ணக்கட்டியால் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்தார்கள். விளிம்பு ஓட்டை அவற்றின்மேல் நகர்த்தினால், எந்த வட்டத்தோடு அதன் வளைவு பொருந்துகிறதோ அதுவே பானை வாயின் அளவு. உள்ளங்கை அளவு ஓட்டிலிருந்து முழுப் பானையின் வாய் அகலத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அகழாய்வுக் கூடங்களில் இதையே தாளில் வரைந்த வட்டங்களை வைத்துச் செய்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துப் பாடம். 2015 முதல் அகழாய்வு நடக்கும் கீழடியில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய ஓடுகள் கிடைத்திருப்பதைப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். எழுதியது பானையைச் செய்தவரா, வாங்கியவரா? பாதிப் பேர் ஈரப் பானையில் முள்ளால் தங்கள் பெயரை எழுதினார்கள். மீதிப் பேர் சுட்ட ஓட்டில் ஆணியால் கீறினார்கள். ஈர மண்ணில் கோட்டின் இருபுறமும் மண் ஒதுங்கி வரம்பு கட்டியது. சுட்ட ஓட்டிலோ ஓரங்கள் பொரிந்து, உள்நிறம் வெளியே தெரிந்தது. முன்னது என்றால் குயவர் களத்திலேயே எழுதியது. பின்னது என்றால் வாங்கியவர் வீட்டில் எழுதியதாகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. ஆணி பிடித்த விரல் வலித்த பிள்ளைக்கு அது மறக்காது.

அகழாய்வுகளில் கிடைக்கும் கறுப்பு–சிவப்புப் பானையின் படத்தைக் குயவரிடம் காட்டினான் ஒரு பையன். உள்ளும் வாயும் கறுப்பு, வெளியே சிவப்பு. "நான் இப்படிச் சுட்டதில்லப்பா" என்றவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "கவுத்து வச்சிருப்பாங்க. உள்ள பொக அடைஞ்சா கறுக்கும், வெளிய காத்து பட்டா செவக்கும்" என்றார். ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கமும் அதுதான்.

சாப்பாட்டு வேளையில் அவர் பிழைப்பைப் பற்றிப் பேசினோம். ஐப்பசி பிறந்தால் பானை காயாது. கார்த்திகை அகல்களை அதற்குள் முடித்தாக வேண்டும். ஏரியில் மண் எடுக்க அனுமதிக்கு அலைய வேண்டும். மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாய் சில வாரச் செலவுக்கு வரும். அவர் மகன் பொறியியல் படிக்கிறான், சக்கரத்தைத் தொட்டதில்லை. தன் பையனைச் சில மாதம் அவரிடம் அனுப்பலாமா என்று ஒரு தாய் கேட்டார். "கத்துக்கட்டும்மா. பொழப்புக்கு மட்டும் வேணாம்" என்றார் சிரித்தபடி.

பள்ளிகள் குயவரை அழைத்தால் சக்கரம் சுற்றிக் காட்டத்தான் அழைக்கின்றன. பிள்ளைகள் ஆளுக்கொரு அகல் செய்துகொண்டு பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். அன்று நான் கண்டது வேறு. ஓடு எப்படி உருவாகிறது என்று கைக்குத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் பழைய ஓடு பேசத் தொடங்குகிறது. இந்த வகுப்பை நடத்தத் தட்சிணசித்ராதான் வேண்டும் என்றில்லை. சூளை எரியும் எந்த ஊர்ப் பள்ளியிலும் நடத்தலாம். தேவைப்படுவது ஒரு சாக்கு உடைந்த ஓடு, சுண்ணக்கட்டி, ஒரு குயவரின் ஒரு நாள். அந்த நாளுக்குக் கொடுக்கும் பணத்தைக் கூலி என்று எழுதாமல் வரலாற்று ஆசிரியரின் ஊதியமாகவே கணக்கில் வைக்க வேண்டும்.