மூச்சு தெரிகிற ஊர்

விடியற்காலை மூன்றே முக்கால். மார்கழி பஜனைக்கே எழுந்திருக்காத ஆள் நான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சந்தொன்றில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு என்று மூட்டையாக நிற்கிறேன். மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிக் குளிர்!

நான்கு மணி அடித்ததும் நகர மையத்தின் தெருவிளக்குகள் மொத்தமும் அணைந்தன. நம்மூரில் கரண்ட் போனால் 'ச்சே' என்போம், இங்கே ஆரவாரம்! இருட்டுக்குள்ளிருந்து பிக்கோலோ குழலும் முரசும் கிளம்ப, ஆளைவிட உயரமான சித்திர விளக்குகள் அசைந்து அசைந்து வந்தன. ஃபாஸ்னாக்ட் திருவிழா. இனி 72 மணி நேரம் இதே கதைதான்.

ஆனால் என் கண் விளக்கில் நிற்கவில்லை. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு வாயிலிருந்தும் வெண்புகை. பக்கத்து ஆள் விட்ட மூச்சு என் முகத்தில் வந்து கலைவதைக் கண்ணாலேயே பார்த்தேன். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் இதைவிட நசுங்கியிருக்கிறேன்; அங்கே மூச்சு தெரியாது, அதனால் பயமும் இல்லை.

"மாமா, சரியா ஃப்ளூ சீசன்ல வந்து மாட்டிக்கிட்டீங்க" என்று சிரித்தாள் நண்பரின் மகள். இங்கே உயிரியல் படிக்கிறாள்.

சூடாக மாவு சூப் வாங்கித் தந்தாள். மாவைக் கருகக் கருக வறுத்துக் காய்ச்சியது. வாசனையில் பாட்டியின் சத்துமாவுக் கஞ்சி, வாயில் வைத்தால் வேறெதுவோ. அதைக் குடித்தபடிதான், இவ்வூர் ஃப்ளூவைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை அவள் சொல்லக் கேட்டேன். 2016-17 குளிர்காலத்தில் இந்நகரின் இரண்டு மருத்துவமனைகளிலும் தனியார் டாக்டர்களிடமும் வந்த காய்ச்சல்காரர்களின் சளியிலிருந்து ஹெச்3என்2 என்ற ஃப்ளூ வைரஸைப் பிரித்து, அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார்கள். எட்டுத் துண்டுகள், சுமார் 13,500 எழுத்துகள். வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம் அங்கங்கே எழுத்துப்பிழை விடும். ஒரே பிழை இரண்டு பேரிடம் இருந்தால் இருவருக்கும் மூலம் ஒன்றாக இருக்கலாம்.

அட, இது உ.வே.சா. செய்த வேலையல்லவா! ஏடுகளைப் பரப்பி வைத்துப் பாடபேதம் பார்ப்பதுபோல, இங்கே சளிக்குப் பதிப்பாசிரியர்கள்!

எவனோ ஒருவன் ரயிலில் கொண்டுவந்து இறக்கியிருப்பான், அதுவே ஊரெல்லாம் பரவியிருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். வெளியிலிருந்து திரும்பத் திரும்ப வந்து நுழைந்திருக்கிறது. முதியவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பரப்பிக்கொண்டதாகத் தெரிகிறது. திண்ணைக் கச்சேரி எந்த ஊரிலும் உண்டு போல. மற்றவர்களிடையே பள்ளி வயதை எட்டாத குழந்தைகளைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கே பங்கு அதிகம் போலிருக்கிறது. ஆனால் பள்ளி விடுமுறைக்கும் பரவலுக்கும் தொடர்பு தென்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், வெப்பம் கூடினால் பரவலும் கூடுவதுபோல ஒரு சாடை தெரிந்ததாம். 'குளிர்ல நிக்காதே' என்று ஃபோனில் கத்தும் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஓர் ஊர், ஒரு சீசன்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

திருவிழா முடிந்த மறுநாள் எட்டாம் நம்பர் டிராமில் ஏறினேன். கோட்டுப் பையில் இன்னும் வண்ணக் காகிதத் துணுக்குகள். இந்த டிராம் ஜெர்மனிக்குப் போகிறது, மூன்றாம் நம்பர் பிரான்சுக்கு. விமான நிலையமே பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது! வைரஸ் திரும்பத் திரும்ப நுழையாமல் என்ன செய்யும்?

எல்லைக்கோட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். மூக்கு குறுகுறுத்தது. ஒரு பெருந்தும்மல். எதிர் இருக்கைப் பாட்டி "கெஸுண்ட்ஹைட்" என்றார். நம்மூர் 'நூறு ஆயுசு' மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் கடைப் பலகைகளில் விலையெல்லாம் யூரோவில். தும்மியது எந்த நாட்டில் என்று எனக்கே தெரியவில்லை.