மூணு வால் பிளேன்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இந்தப் பெட்டியைப் பிரிக்கும்போது கத்தியை ஆழமாக விடாதீர்கள். மேலே தெர்மகோல், அதன் கீழே பழைய வேட்டித் துணி, அதற்கும் கீழேதான் விமானம் இருக்கிறது. முதலில் கண்ணில் படுவது வால்தான். அதைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டாம். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் இரண்டு விரல் கொடுத்து எடுக்க வேண்டும். பெரியம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் அவசரப்படுவீர்கள்.

பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் சொன்ன கதைதான் இத்தனைக்கும் காரணம். 1954-இல், அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பல்லாவரம் மலை மேல் ஏறி உட்கார்ந்து, மீனம்பாக்கத்தில் ‘மூணு வால் பிளேன்’ இறங்கியதைப் பார்த்தீர்களே, அந்தக் கதை. ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயிலிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூருக்குப் பறக்க ஆரம்பித்த வருஷம் அது. “மலபார் பிரின்சஸ்டா அது” என்று நீங்கள் சொன்னபோது பெரியம்மா சமையலறையிலிருந்தே சிரித்தார். எத்தனையாவது தடவையோ!

ஊருக்கு வந்ததும் தேடினேன். உங்கள் மூணு வால் பிளேன், அதாவது லாக்ஹீட் கான்ஸ்டலேஷன், அதற்கு ஒரு காகித மாடல் கிடைத்தது. நூற்றில் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 37.5 மீட்டர், நம்முடையதில் 37.5 சென்டிமீட்டர். கணக்குப் போடச் சுலபம் என்றுதான் இதை எடுத்தேன். ஆனால் தாள் இருந்தது அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. கம்பெனி வண்ணத்தில்: மேல்பாதி வெள்ளை, பக்கத்தில் இரட்டைச் சிவப்புக் கோடு. அந்த எழுத்தையும் ஒரு கோட்டையும் கம்ப்யூட்டரில் அழித்து, ஏர் இந்தியா பெயரைப் போட்டு, வேலை முடிந்தது என்று உங்களுக்குப் படம் அனுப்பினேன். ஞாபகம் இருக்கிறதா, என்ன சொன்னீர்கள் என்று? “என்னடா, வெள்ளையடிச்ச வீடு மாதிரி இருக்கு? அது அலுமினியப் பாத்திரம் மாதிரி மின்னும். பார்க்கக் கண் கூசும்.”

அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று வாரம் போனது, பெரியப்பா. பெயின்ட் அடிக்காத உலோகத்துக்கென்று சொந்த நிறம் கிடையாது. சாம்பல் நிறத்தை அச்சடித்தால் சிமென்ட் பூசிய மாதிரி ஆகிறது. ஜிகினாத் தாளில் மை நிற்கவில்லை, விரல் பட்டால் வழித்துக்கொண்டு வருகிறது. கடைசியில், எதிரே இருப்பதைத்தான் அலுமினியம் காட்டும் என்பதைப் பிடித்துக்கொண்டேன். முதுகில் வானத்தின் வெளிறிய நீலம், நடுவயிற்றில் தொடுவானம் படுகிற இடத்தில் ஒரு இருண்ட பட்டை, அதற்குக் கீழே தரையின் நிறம். அந்தத் தரைக்கு மீனம்பாக்கத்துச் செம்மண் பழுப்பைக் கலந்தேன். தகடுக்குத் தகடு ஒரு சாயல் கூட்டிக் குறைத்ததும் காகிதத்துக்கு உலோகக் களை வந்துவிட்டது. கையில் எடுத்தால் பழுப்பு தெரியாது. ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு நாலு அடி தள்ளி நின்று பாருங்கள்.

கோட்டின் நிறம் அடுத்த வழக்கு. குங்குமச் சிவப்பா, செங்கல் சிவப்பா என்று கேட்டதற்குத் “தபால் பெட்டிச் சிவப்பு” என்றீர்கள். எனக்குக் கிடைத்த அந்தக் காலத்துப் போட்டோக்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை, அதனால் உங்கள் வாக்குதான் வேதவாக்கு. திரையில் தெரிகிற சிவப்பு தாளில் ஆரஞ்சாக வந்து நின்றது. ஒன்பது துண்டு அச்சடித்து ஜன்னலில் ஒட்டி, காலை வெயிலில் பார்த்து, ஏழாவதை எடுத்தேன்.

கோடு என்றால் ஏதோ ஸ்கேல் வைத்து இழுக்கிற சமாச்சாரம் என்று நானும் நினைத்திருந்தேன். கடலைப் பொட்டலத்தைப் படுக்கவைத்து, அதன் மேல் தரைக்குச் சமமாக ஒரு கோடு போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள், வளைந்திருக்கும். விமானத்தின் உடம்பு அப்படிப்பட்ட பொட்டலங்களை வரிசையாகக் கோத்தது. அதிலும் கான்ஸ்டலேஷன் இருக்கிறதே, அது நேரான குழாயே இல்லை. புரொப்பெல்லர் பெரிது, தரையில் இடிக்காமல் இருக்கக் கால்கள் உயரம். முன்கால் ரொம்ப நீண்டுவிடக் கூடாதென்று மூக்கைத் தாழ்த்தி, பின்னால் வாலைத் தூக்கிவிட்டார்கள். மீன் துள்ளுகிற மாதிரி ஒரு வளைவு. ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு அளவு. ஒவ்வொன்றிலும் கோடு வேறு வேறாக வளைந்து, ஒட்டும்போது மட்டும் ஒரே நேர்கோடாகச் சேர வேண்டும். நல்ல தையல்காரர் சட்டைப் பையின் கோட்டைச் சட்டையின் கோட்டோடு சேர்ப்பாரே, அந்த வேலைதான். இடது பக்கம் நன்றாகச் சேர்ந்திருக்கிறது. வலது பக்கத்தைச் சுவர்ப் பக்கமாக வையுங்கள்.

நடுவில் ஒரு கூத்து. ஒரு தாளில் மை தெறித்துவிட்டது என்று கடையில் அதை மட்டும் மறுபடி அச்சடித்தேன். அங்கே பையன் தாளுக்குள் அடங்குகிற மாதிரி தானாகச் சுருக்கும் வசதியைப் போட்டுவிட்டிருக்கிறான். நூற்றுக்கு மூன்று பங்கு குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வளையத்தின் சுற்றளவு 11 சென்டிமீட்டர், அதில் 3 மில்லிமீட்டர் போனால் பக்கத்து வளையத்தோடு எப்படிச் சேரும்? நான் ஒட்டியதுதான் தப்பு என்று இரண்டு ராத்திரி பிரித்துப் பிரித்து ஒட்டினேன்.

மற்றபடி சாமான்கள் எல்லாம் வீட்டில் இருந்தவைதான். மடிப்புக் கோடு போட மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, பசை தொட்டு வைக்கப் பல்குச்சி. உள்ளே வட்டத் தட்டுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. யாருடைய கல்யாணம் என்று கேட்காதீர்கள். வெட்டிய விளிம்பில் தாளின் வெள்ளை எட்டிப் பார்க்கும், அதற்கு வாட்டர் கலர் தொட்டேன். நாலு இஞ்சினுக்கு மும்மூன்று இதழாகப் பன்னிரண்டு புரொப்பெல்லர் இதழ். மூக்குக்குள் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு அடைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் வால் கனத்தில் குந்திவிடும். ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்கும். ஆட்டாதீர்கள். ஏன் மூன்று வால் என்று மலையில் உட்கார்ந்து யோசித்ததாகச் சொன்னீர்களே? ஒரே வாலாக வைத்தால் ரொம்ப உயரமாகி, இருக்கிற ஹேங்கர்களுக்குள் நுழையாது. அதனால் மூன்றாகப் பிரித்துக் குட்டையாக்கினார்களாம்.

இனிமேல்தான் விஷயம். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மலபார் பிரின்சஸ் 1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. நம் நாட்டிலிருந்து வெளிநாடு போன ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் பயணம் அதுதான். அதற்காகப் போட்ட 12 அணா ஸ்டாம்ப் உங்கள் ஆல்பத்தில் இருக்கிறது, நீலமும் கறுப்புமாக. சிவப்புக் கோட்டுக்கு அதுவும் உதவவில்லை. ஸ்டாம்புக்குக் கீழே பென்சிலில் ‘மலபார் பிரின்சஸ்’ என்று சின்ன வயசுக் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆனால் பெரியப்பா, அந்த விமானம் 1950 நவம்பர் 3-ஆம் தேதியே மோன் பிளாங்க் மலையில் மோதிவிட்டது. அதில் இருந்த 48 பேரும் போய்விட்டார்கள், பயணிகளில் பெரும்பாலோர் கப்பல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாலுமிகள். நீங்கள் மலையேறிய வருஷத்தில் அது இல்லை.

நீங்கள் பார்த்தது அதன் தங்கைகளில் ஒன்றாக இருக்கலாம். காஷ்மீர் பிரின்சஸ் அப்போது பறந்துகொண்டிருந்தது. அதற்கும் ஆயுசு கெட்டியில்லை. 1955 ஏப்ரல் 11-ஆம் தேதி, பாண்டுங் மாநாட்டுக்குப் போகிறவர்களோடு ஹாங்காங்கிலிருந்து கிளம்பி, நடுவழியில் குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. 19 பேரில் மூன்று பேர்தான் பிழைத்தார்கள்.

உங்கள் ஞாபகத்தைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. பொய்யான பெயரை ஒட்டவும் கை வரவில்லை. அதனால் மூக்கோரத்தில் பெயர் இல்லாமலே அனுப்புகிறேன். பெட்டியின் அடியில் ஒரு கவர் இருக்கிறது, அதில் மூன்று துண்டு. ஒன்றில் மலபார் பிரின்சஸ், இறக்கைக்கு அதன் பதிவு எழுத்து வி.டி. சி.க்யூ.பி. ஒன்றில் காஷ்மீர் பிரின்சஸ், வி.டி. டி.இ.பி. மூன்றாவதில் எழுத்தே இல்லை, வெறும் அலுமினிய நிறம். எது வேண்டுமோ ஒட்டிக்கொள்ளுங்கள். ஃபெவிகால் பல்குச்சி நுனியளவு போதும், அதிகமானால் மை கலங்கிவிடும். ஒட்டியதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
முரளி