உச்சமுனையில் ஓர் உப்புக் கணக்கு

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் துறையிலே படகேறி வடக்கு நோக்கிச் சென்றோம். ஒருபுறம் ஆழ்கடல், மறுபுறம் குடாநீர், நடுவே ஒடுங்கிய மணல்நிலம். அதுவே உச்சமுனை. மீனவர் வாடிகளும், ஓயாத காற்றும், கண்கூசும் வெண்மணலும் எம்மை வரவேற்றன.

எம்முடன் வந்த மாணவர் ஸ்பானிய மொழி பயில்பவர். இக்கரைக்கும் அம்மொழிக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். அருகிலுள்ள குடாக்களுள் ஒன்று இன்றும் போர்த்துக்கேயர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் முடியைச் சூடியிருந்தவர்கள் ஸ்பானிய மன்னர்களே. போர்த்துக்கேயர் நமக்குத் தந்த 'மேசை' ஸ்பானிய மொழியிலும் மேசையே. இரண்டும் உடன்பிறந்த மொழிகள் அன்றோ!

நண்பகலில் வாடியொன்றில் எமக்குச் சோறும் மீன்கறியும் கிடைத்தன. பரிமாறிய அம்மையார் மாணவரை நோக்கி, "தம்பி, உப்புக் கூடிப்போச்சோ?" என வினவினார். "இல்லையம்மா, அளவாகத்தான் இருக்கிறது" என்றவர், உடனே சிந்தனையில் ஆழ்ந்தார். 'கூடிப்போச்சு' என்பதை ஸ்பானிய மொழியில் எங்ஙனம் கூறுவது?

அம்மொழியில் 'முச்சோ' என்பது நிறைய என்று பொருள்படும். 'தெமசியாதோ' என்பது அளவுக்கு மேல் என்று பொருள்படும். பெயர்ச்சொல்லின் முன்வரும்போது இவை அதன் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப ஈறு மாறும். உப்பு அங்கே பெண்பால். ஆகவே நிறைய உப்பு 'முச்சா சால்'. கூடிப்போன உப்பு 'தெமசியாதா சால்'. பண்பைக் குறிக்கும் சொல்லின்முன் வரும் 'தெமசியாதோ' மட்டும் மாறாது நிற்கும்.

தமிழர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. யாழ்ப்பாணத்தார் நன்றி கூறுகையில் "மெத்தப் பெரிய உபகாரம்" என்பர். அங்கே மிகுதி பெருமையே, குறையன்று. ஆனால் எல்லை கடந்ததைச் சொல்ல வேண்டின் நாம் வினைச்சொல்லை நாடுகிறோம்: கூடிப்போயிற்று, மிஞ்சிவிட்டது, மீறிவிட்டது. மீறுவதற்கு ஓர் எல்லை வேண்டுமே! அவ்வெல்லை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பாலாவி உப்பளத்தில் நிறைய உப்பு விளைந்தால் அது செல்வம். அதே உப்பு கறியிலே ஒரு பிடி கூடினால் உணவு பாழ். ஆகவே மிகுதி வேறு, மிகை வேறு. மிகைப்படுவதற்குப் பேரளவு வேண்டுவதில்லை.

இதற்குக் கற்பிட்டிக் கடலே சான்று. 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் றீப் பவளப்பாறைத் தொடர் இக்கரைக்கு அப்பால் உள்ளது. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஏறத்தாழ 1 பாகை செல்சியசு கூடிச் சில வாரம் நீடித்தாலே, பவள உயிர்கள் தம்முள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகளை இழந்து வெளிறத் தொடங்கும். 1998இல் நேர்ந்த வெளிறலில் இத்தொடரின் ஆழமற்ற பகுதிகள் பெரும் அழிவுக்குள்ளாயின. கையால் தொட்டால் நமக்குத் தெரியாத சூடு, பவளத்துக்குத் 'தெமசியாதோ' ஆயிற்று. பவளம் அழிந்தால் அதனை அண்டி வாழும் மீனும், மீனை நம்பி வாழும் வாடியும் என்னாகும்?

இவற்றை மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கையில், அம்மையார் மீண்டும் கறிச்சட்டியுடன் வந்தார். "போதும் அம்மா" என்று கையை மறித்தோம். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு துண்டை இட்டுச் சென்றார். அதனை மிகை என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.