ஈரம் போன இலை

1982-இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் தன் முதல் உணவகத்தைத் திறந்தது ஆலிவ் கார்டன் என்ற உணவகத் தொடர். பெரிய கிண்ணத்தில் வரும் அதன் சாலட்டுக்காகவே போகிறவர்கள் உண்டு. கேட்கக் கேட்க நிரப்பித் தருவார்கள்.

அதை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் முதலில் டிரெஸ்ஸிங்கைத்தான் ஆராய்கிறார்கள். எண்ணெய், வினிகர், பூண்டு, துருவிய சீஸ் எல்லாம் அளவாக இருந்தும் சுவை கூடி வராது. காரணம், இலை. ஐஸ்பெர்க் லெட்யூஸில் கழுவிய நீர் ஒட்டியிருந்தால் எண்ணெய் பிடிக்காமல் வழுக்கி அடியில் தேங்கிவிடும். துணியால் ஒற்றி, நன்றாகக் குளிரவைத்து, பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும். அந்த மொறுமொறுப்புதான் இந்தச் சாலட்டின் உயிர்!

வெங்காய வளையங்களை 10 நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டால் காரம் அடங்கும். தக்காளி, கறுப்பு ஆலிவ், வினிகரில் ஊறிய பெப்பரொன்சினி மிளகாய். வறுத்த ரொட்டித் துண்டுகள் கடைசியில்.