இருட்டை இருட்டாக விடுதல்

2007ஆம் ஆண்டு வைகாசியில், செய்யாறுக்கு அருகே ஒரு சிற்றூரில், திரௌபதியம்மன் திருவிழாவின் பதினெட்டாம் போர்க் கூத்தைப் படம்பிடிக்கச் சென்றோம். நாங்கள் நால்வர். நால்வரும் வாசகர்கள், ஒருவரும் ஒளிப்பதிவாளர் அல்லர். இரவல் வாங்கிய சிறிய டிஜிட்டல் வீடியோ காமிராவும் அறுபது நிமிட நாடாக்கள் எட்டும் கைவசம் இருந்தன. காமிராவைத் தானியங்கியில் வைத்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பினோம்.

துரியோதனனாக ஆடியவர் ஜமாவின் வாத்தியார். அறுபதைக் கடந்தவர். விடியும்வரை ஆடினார்.

ஊர் திரும்பி நாடாக்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது பேச்சற்றுப்போனோம். அவருடைய முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெண்மையான ஒரு திட்டு. அரிதாரமும் இல்லை, அதன்மேல் அவர் பொறுமையாக வைத்துக்கொண்ட புள்ளிகளும் இல்லை. பின்னாலிருந்த இரவும் கறுப்பாக இல்லை. ஈசல் மொய்த்ததுபோல நிறத்துகள்கள் நெளிந்துகொண்டிருந்தன. வெளிச்சம் மிகுந்ததால் வரும் கேடும், குறைந்ததால் வரும் கேடும் ஒரே சட்டகத்தில்!

காரணம் புரிய எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின. தானியங்கி, சட்டகம் முழுவதற்கும் சராசரி பார்க்கிறது. ஃபோகஸ் விளக்கில் ஒரு முகம், சுற்றிலும் வயல்வெளி இருட்டு. பெரும்பகுதி இருட்டு என்பதால், வெளிச்சம் போதவில்லை என்று அது முடிவுகட்டிக் ‘கெய்ன்’ என்னும் மின்பெருக்கத்தை ஏற்றிவிடுகிறது. முகம் எரிந்துபோகிறது. எரிந்த பகுதியில் தகவலே பதிவாகாததால், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க இயலாது.

‘நாய்ஸ்’ என்கிற காட்சி இரைச்சலை, படத்தின்மேல் படிந்த தூசு என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அது அப்படியன்று. ஒளி துளித்துளியாக, ஒழுங்கின்றி வந்து விழுவது. தூறலில் முற்றத்துக் கற்கள் சில நனைந்தும் சில நனையாமலும் கிடக்கும். அடைமழையில் எல்லாம் சீராக நனையும். ஒளி நான்கு மடங்கானால் இந்த ஏற்றத்தாழ்வு இரு மடங்குதான் ஆகிறது; ஆகவே படம் இரு மடங்கு தெளிகிறது. மின்பெருக்கமோ தூறலை மழையாக்குவதில்லை. நனைந்ததையும் நனையாததையும் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்துக் காட்சிகளுக்காக, நாசாவுக்கென ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைப் பயன்படுத்தினார். அவருடைய தேடலும் மேலும் கொஞ்சம் ஒளிக்காகத்தான்.

2012இல் மறுபடியும் அதே ஊருக்குப் போனோம். இம்முறை பெரிய சென்ஸார் கொண்ட காமிராவும் எஃப் 1.8 லென்ஸும் இருந்தன. வாத்தியார் வேஷம் கட்டுவதை விட்டிருந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகன்தான் துரியோதனன், தந்தை பின்பாட்டு. ஃபோகஸ் விளக்கைப் பாதித் தூரத்துக்கு நகர்த்தலாமா என்று தயங்கியபடி கேட்டோம்.

“கிட்டவே வை தம்பி. பெட்ரோமாக்ஸ் காலத்துல நாங்களே வெளிச்சத்தத் தேடிவந்து நின்னுதான் மூஞ்சியக் காட்டுவோம்” என்றார்.

நாங்கள் ஐந்தாண்டுகள் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஆடியே அறிந்திருந்தார்.

தூரம் பாதியானதும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. ஐ.எஸ்.ஓ.வை 3200இலிருந்து 800க்கு இறக்க முடிந்தது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. குழல்விளக்கு 100 முறை துடிக்கிறது. எனவே ஷட்டரை 1/50இல் நிறுத்தினோம். 1/60 வைத்திருந்தால் படம் மினுக்கியிருக்கும். முகத்தை மட்டும் அளந்து, அதன் மிகப் பிரகாசமான இடமும் எரியாதவாறு எக்ஸ்போஷரைக் கையால் பூட்டினோம். மார்புப் பதக்கத்தின் கண்ணாடிச் சில்லுகள் மட்டும் மின்னி எரிந்தன. எரியட்டும் என்று விட்டோம். பின்னாலிருந்த இரவை மீட்க முயலவில்லை. அது கறுப்பாகவே இருந்தது. மகனின் முகத்தில் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது.

வாத்தியார் இப்போது இல்லை. அவர் துரியோதனனாக ஆடியதற்கு எஞ்சியிருப்பது அந்தப் பழைய பதிவு ஒன்றே. அண்மையில் எங்களில் ஒருவர் அதைச் செயற்கை அறிவு மென்பொருள் ஒன்றில் இட்டுப் பார்த்தார். துகள்கள் மறைந்தன. திட்டு இருந்த இடத்தில் வழவழப்பான ஒரு முகமும் வந்தது. அது யாருடைய முகமோ. அதை அழித்துவிட்டோம்.

மகன் கேட்டபோது, பழைய பதிவை எடுத்தபடியே கொடுத்தோம். சிறிது நேரம் திரையைப் பார்த்தவர், பிறகு கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் குரலைக் கேட்கத் தொடங்கினார். நல்லவேளையாக, ஒலியில் இரைச்சல் இல்லை.